நூற்றி எண்பத்தொண்டு

நான் பார்த்தது கண்ணாடியில்.
யூட் நிமலனின் சலூனில் டிவி என் முதுகுக்குப் பின்னால்.
கழுத்தைத் திருப்பினால் கத்தியும் திரும்பும்.
ஆகையால் முழுப் பந்தயமும் எனக்கு மட்டும்
இடம்வலம் மாறி ஓடியது.
இலக்கங்கள் மல்லாக்க விழுந்த எறும்புகள்;
இடைவெளி எத்தனை என்று கேட்டுத்தான் அறியவேண்டும்.
ஒருவனின் முதுகு மட்டும்
எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் 181.

அங்கே பின்னேரம். குருநகரில் இரவு ஒன்பது.
காலையில் ஆறு பேராய்ப் பிரிந்து போனவர்கள்.
முதல் மலை இரண்டு பேரைத் தின்றது,
அடுத்தது இரண்டு பேரை,
மூன்றாவதின் பாதியில் இன்னொருவன்
சங்கிலி அறுந்தவன்போலத் தலையைத் தொங்கப்போட்டான்.
மிச்சம் இவன்.
பெயர் ஒருவருக்கும் தெரியாது.
வர்ணனை பிரெஞ்சில்.
அதற்கு மேலால் றெக்சன் தமிழில் சொல்கிறான்,
ஒன்றுக்கும் மற்றதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

காண்டீபனின் மடியில் சி.ஆர். கொப்பி.
பதினாறு நாள் கணக்கு, சிவப்புப் பேனையில்.
மஞ்சள்காரனுக்கும் நெட்டையனுக்கும் நாற்பத்தெட்டு செக்கன்,
சின்னவன் இன்னும் ஒரு நிமிசம் பின்னால்.
"இண்டைக்கு நெட்டையன் அடிக்கேல்லையெண்டா
இனி அடிக்கிறதுக்கு மலை இல்லை."
மலையாம்.
எங்களுக்குத் தெரிந்த மலை கீரிமலை,
ஏறப்போனவன் குளித்துவிட்டு வருவான்.

நெட்டையன் அடிக்கவில்லை.
அவனும் மஞ்சளும் ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்தபடி,
சாப்பாட்டுக்கடையில் பில் வந்த நேரம்
இரண்டு சம்பந்திமார் சட்டைப்பையைத் தடவுவதுபோல.
"எவ்வளவு?" என்றேன் நுரைக்குள்ளால்.
"மூண்டு நிமிசம்."
"இப்ப?"
"மூண்டரை. கதையாதேங்கோ, வெட்டிப்போடும்."

181 கோட்டைக் கடந்தபோது கையைத் தூக்கவில்லை.
மறந்தானோ, முடியவில்லையோ.
சைக்கிளை யாரோ வாங்கிப்போக
வேலியோடு சாய்ந்து இருந்தான்,
பஸ்ஸைத் தவறவிட்டவன் இருப்பதுபோல.

"வெண்டதில்லை, விட்டது," என்றான் றெக்சன்.
"ரெண்டு மணித்தியாலம் பின்னுக்குக் கிடக்கிறவன்.
அவனாலை ஆருக்கு நட்டம்? போடா எண்டு விட்டுட்டாங்கள்."
காண்டீபன் அவனைக் கொப்பியில் தேடினான்.
கொப்பி முப்பதாவது ஆளோடு முடிந்திருந்தது.

வாசலில் தர்மினி, தம்பியின் முறை முடியக் காத்து.
வேலணையில் குடும்பநல மாது.
பெற்றோல் வரிசைக் காலத்தில் சைக்கிள் ஏறினவள்,
பெற்றோல் வந்த பிறகும் இறங்கவில்லை.
உள்ளே வராமல், செருப்பையும் கழற்றாமல் கேட்டாள்:
"விட்டவங்கள் எண்டா
ஆறு பேரையுமெல்லோ விட்டவங்கள்?
மற்ற அஞ்சு பேரும் எங்கை?"

கத்தி என் தாடையில் நின்றது.
டிவியில் ஏதோ சீமெந்து விளம்பரம்.
"அது சரி," என்றான் றெக்சன் கடைசியில்,
"எண்டாலும் நாளைக்கு நெட்டையன்..."
பிறகு எல்லோரும் நெட்டையனுக்குப் போய்விட்டார்கள்.
காண்டீபன் மட்டும் ஓரத்தில்
சிவப்பில் 181 என்று எழுதினான்.
பெயர் எழுத இடம் விட்டிருந்தான்.

விடிய நாலரைக்குப் பாண் பெட்டியோடு
பண்ணைப் பாலத்தால் போகிறேன்.
சோளகம் நேரே முகத்தில்.
இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு மரமில்லை.
பின்னால் மட்கார்ட் ஆடுகிற சத்தம்:
வெறும் மீன்பெட்டி கட்டின ஒரு மனிசன்,
என் முதுகுக்குள் ஒளித்துக்கொண்டு வருகிறான்.
நான் திரும்பவில்லை. அவனும் பேசவில்லை.
மண்டைதீவுச் சந்தி தெரிந்ததும்
மணிகூட அடிக்காமல் வெட்டிக்கொண்டு போனான்.

விட்டனான் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.
வாய் நிறையக் காற்று.
பெட்டிக்குள் பாண் ஆறிக்கொண்டிருந்தது.