இருபத்திரண்டு டெசிபல்

முதலில் பஞ்சு.
ஒரு நாள் தாங்கியது.
மறுநாள் நீடாமங்கலத்தில்
தனியார் பேருந்தின் காற்று ஹாரன்
பஞ்சைத் தாண்டி உள்ளே போனது.
செம்மலர் நடைமேடையில் அப்படியே உட்கார்ந்தாள்,
காதில் உள்ளங்கைகள்,
முழங்கால்களுக்கு நடுவே தலை.
"பிள்ளைக்குக் காத்துக்கருப்பா?" என்றார் ஒருவர்.
"இல்லைங்க, ஹாரன்" என்றேன்.

பிறகு நுரைத்தக்கை. ஆரஞ்சு நிறம், ஜோடி பத்து ரூபாய்.
உருட்டி நுழைத்தால் உள்ளே மெல்ல உப்பும்.
"அம்மா, நான் மெல்லுறது எனக்கே கேக்குது" என்று
முறுக்கைத் துப்பினாள்.
ஒன்றைக் கன்றுக்குட்டி தின்றுவிட்டது.
மற்றொன்றை இன்னும் தேடுகிறோம்.

தஞ்சாவூரில் கண்ணாடி அறைக்குள் வைத்துப் பார்த்த பெண்
என் தங்கையைவிடச் சின்னவள்.
"காதுல பழுது இல்லக்கா.
சத்தத்தை இவ மூளை வலின்னு படிக்குது."
சீட்டில் எழுதினாள்: இருபது முதல் இருபத்தைந்து.
கீழே அடிக்கோடிட்டு:
நாள் முழுக்க வேண்டாம்.
மூடியே வைத்தால்
நாளை ஸ்பூன் விழுந்தாலும் அழுவாள்.

நான் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் போடுகிறவள்.
ஈரப்பதம் பதினேழா பதினெட்டா என்று
ஒற்றை எண்ணில் குடும்பங்கள் கவிழ்வதைப் பார்த்தவள்.
எண்ணை நம்புவேன். எண்ணோடு சண்டையும் போடுவேன்.
சீட்டோடு கும்பகோணம் போனோம்,
வெல்டிங் கண்ணாடி, கையுறை, தலைக்கவசம் விற்கும்
ஜலாலுதீன் கடைக்கு.

"முப்பத்திமூணு இருக்கு. ராக்கெட் விட்டாலும் கேக்காது."
மாட்டினேன்.
அவள் முகம் வெளியூர் போனவர்கள் வீடு மாதிரி ஆனது.
பெயர் சொன்னேன். திரும்பவில்லை.
இன்னொரு முறை சொன்னேன்.
வாசலில் ஆட்டோக்கள் போய்க்கொண்டிருந்தன.
கழற்றினேன்.
நீலம் இறுக்கியது, பத்து நிமிடத்தில் காதோரம் சிவப்பு வளையம்.
கறுப்பில் வியர்வை.
ஜலாலுதீன் பாய் டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு
மேல் தட்டிலிருந்து ஒரு மஞ்சளை எடுத்துத் தூசி தட்டினார்.
போட்டாள். கழற்றினாள். போட்டாள்.
"இதுல நீங்க தூரமா இருக்கீங்க," என்றாள்,
"ஆனா இருக்கீங்க."

இருபத்திரண்டு.
எண்ணூற்று நாற்பது ரூபாய். நாற்பதைக் குறைத்தார்.

அவள் அப்பா கதிரறுக்கும் இயந்திரம் ஓட்டுகிறார், பதினோராவது வருடம்.
வீட்டுக்குள்ளும் நாலு வயல் தள்ளி நிற்பவரைக் கூப்பிடும் குரல்.
"தண்ணி குடு" என்பது வழக்கு மாதிரி இருக்கும்.
அன்று அவர் வாய் திறந்ததும்
மஞ்சளை எடுத்து மாட்டினாள்.
பாதிச் சொல்லில் நின்றார்.
கழற்றிய சட்டையை மறுபடி போட்டுக்கொண்டு
கொல்லைப் பக்கம் போனார்.
"நான் என்ன அவள திட்டுனனா?"
அதையும் கத்தித்தான் கேட்டார்.

குறுவை அறுப்பு முடியும்போது
கிளீனர் பையன் சொன்னான்,
வண்டி சீட்டுக்கு அடியில்
முப்பத்திமூன்று ஒன்று கிடக்கிறதாம்.
"போட்டுப் பாப்பாருக்கா. உடனே கழட்டிருவாரு.
எஞ்சின் என்ன சொல்லுதுன்னு கேக்க வேணாமாங்கிறாரு."
நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.
இப்போது மாலையில்
தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைக் காட்டுகிறார்.

பள்ளி விட்டு வாய்க்கால் கரையோடு வருவோம்.
டிராக்டர் தெரிந்தால் மாட்டுகிறாள்,
போனதும் கழுத்துக்கு இறக்குகிறாள்.
நான் சொல்வதில்லை.
மதகு தாண்டி ஒரு டிரான்ஸ்ஃபார்மர்.
அங்கே தினமும் நிற்க வேண்டும் அவளுக்கு,
காதைத் திறந்து, கண்ணை மூடி.
எனக்கு ஒன்றும் கேட்பதில்லை.
"என்னடி?"
"உம்ம்ம்னு இருக்கும்மா. ஒரே மாதிரி.
அது திடீர்னு எதுவும் பண்ணாது."

நேற்றும் நின்றோம். என் தலையில் வெயில்,
கையில் அவள் பை, பைக்குள் நசுங்கிய வாழைப்பழ வாசம்.
கண்ணைத் திறந்தாள்.
"கரண்ட் போச்சு."
வீட்டுக்கு வந்து சுவிட்சைத் தட்டினேன்.
போயிருந்தது.