ஏழாவது பொருள்

எப்போது எழுத ஆரம்பித்தீர்கள் என்று கேட்பவர்களிடம்
ஆறாம் வகுப்புக் கட்டுரைப் போட்டி என்று சொல்லிவிடுவேன்.
நம்புவார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

உண்மையில் அது குர்லா ஸ்டேஷன்,
ரயில்வே போலீஸ் அறை, ஜூலை.
கூரை ஒழுகி ஒரு பக்கெட்டில்
சொட்டிக்கொண்டிருந்தது.
முலுண்டிலிருந்து வந்த ஸ்லோ லோக்கலில்,
லேடீஸ் பெட்டியில், தலைக்கு மேலிருந்த கம்பித் தட்டில்
என் பை போய்விட்டிருந்தது.

ஹவல்தார் நிகாளே கார்பன் தாளைச் செருகிக்கொண்டு
"உள்ளே என்னென்ன?" என்றார்.
மணிபர்ஸ், இருநூற்று நாற்பது ரூபாய்.
பாஸ், இரண்டாம் வகுப்பு, இன்னும் பதினோரு நாள் பாக்கி.
குடை.
டிபன் பாக்ஸ், காலி.
கால்குலேட்டர். ஆபீசுடையது.
கண்ணாடிக் கூடு, கண்ணாடி இல்லாமல்.

மராட்டியில் எழுதிக்கொண்டே வந்தவர்
ஆறோடு பேனாவை நிறுத்தினார்.
"அவ்வளவுதானா?"

அதில் ஏளனம் ஒன்றுமில்லை.
ஆனாலும் முப்பத்துநாலு வயதுக்காரியின் பை
ஆறு வரியில் முடிந்துபோனதை
மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து, தலைகீழாக,
பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு சாவி" என்றேன்.

என்னிடம் சாவி கிடையாது.
மான்குர்டில் எங்கள் வீடு பகலில் பூட்டப்பட்டதேயில்லை.
யாராவது இருப்பார்கள், யாராவது தூங்குவார்கள்.

"என்ன சாவி?"
"பித்தளை. கொஞ்சம் நீளம்."
"எதனுடையது?"
"அலமாரி."
"வீட்டில் இருக்கிறதா அலமாரி?"
பக்கெட்டில் ஒரு சொட்டு. இன்னொன்று.
"விற்றுவிட்டோம். சாவியை மட்டும் கொடுக்கவில்லை."

நிகாளே நிமிர்ந்தார்.
அதுவரை அவர் என் முகத்தைப் பார்த்திருக்கவில்லை.
"மறந்துபோயா, மனமில்லாமலா?" என்றார்.
படிவத்தில் அப்படியொரு கட்டம் இல்லை.
மொபைலைப் பறிகொடுத்துப் பின்னால் நின்ற பையன்கூட
என் வாயைப் பார்த்தான்.

உடம்பெல்லாம் சுட்டது.
பொய் சொன்னால் வரும் சூடு எனக்குத் தெரியும்,
மாதக் கடைசியில் முதலாளிக்காக நிறையச் சொல்லியிருக்கிறேன்.
இது அதில்லை.
அந்தச் சாவியில் ஒரு பல் தேய்ந்திருந்தது தெரிந்தது.
யார் கைபட்டுத் தேய்ந்தது என்றுதான் தெரியவில்லை.
அது தெரியாமல் வீட்டுக்குப் போய்ச்
சோறு வடிக்க முடியாதென்று தோன்றியது.

வடித்தேன். குழைந்துவிட்டது.

மார்ச்சில் போன் வந்தது.
"பேசியம்மா மேடம்?"
பேச்சியம்மாள் என்று நான் திருத்தவில்லை.
கல்யாணில் யாரையோ பிடித்ததில் என் பையும் அகப்பட்டதாம்.
குடை இருந்தது. கூடு இருந்தது.
டிபன் பாக்ஸுக்குள் யாரோ
கொத்தமல்லி விதை போட்டு வைத்திருந்தார்கள்.

நிகாளே பட்டியலில் விரல் வைத்து இறங்கினார்.
ஏழில் நின்றது விரல்.
"மேடம், சாவி மட்டும்..."
இரண்டு தடவை உதறிப் பார்த்தாராம்.
பையைப் புரட்டிக் காட்டினார்,
உள்துணியின் தையலை பிளேடால்
நேர்த்தியாகப் பிரித்திருந்தார்.

சொல்லியிருக்கலாம்.
கையெழுத்துப் போடும்போது தொண்டைவரை வந்தது.
இல்லாத ஒன்றைத் தேடிக் களைத்து,
கிடைக்கவில்லையே என்று வெட்கப்படும் ஒரு முகத்தை
அன்றுதான் முதலில் பார்த்தேன்.

"போகட்டும், பூட்டே போய்விட்டதே" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
"மனமில்லாமல்தானே வைத்திருந்தீர்கள்" என்றார்.

குர்லாவிலிருந்து ஹார்பர் லைனில்
ஜன்னலோரம் கிடைத்தது.
டிபன் பாக்ஸை மடியில் வைத்து, அதன்மேல்
போலீஸ் ரசீதைத் திருப்பிப் போட்டு,
அலமாரியை விலைபேச வந்தவள்
வாசலில் கழற்றிவிட்ட செருப்பிலிருந்து
ஆரம்பித்தேன்.
ஒரு வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது.

தலையைத் தூக்கியபோது
பாலம் தாண்டி வாஷி வந்துவிட்டிருந்தது.