சுமார்

சுங்கை பூலோ. காலை ஏழே முக்கால்.
வெளியே கடல் ஏறினால்
உள்ளே குளத்தில் கூட்டம் சேரும்.
பலகை இடுக்கில் என் கண்ணும்
ஒரு கொசுவும்.

பவளக்காலிகள்,
ஒற்றைக்காலில் நின்றபடியே தூங்குகின்றன.
இரவு ஷிப்ட் முடித்து
நேரே வந்த எனக்கு
கொஞ்சம் பொறாமைதான்.

ருக்கையா எண்ணுகிறாள்,
கையிலிருக்கும் கருவி க்ளிக் க்ளிக்கென.
நூற்று எழுபது. நூற்று எண்பத்து மூன்று.
ஜொகூர்க் கரையிலிருந்து
ஒரு கழுகின் நிழல்.

சேறே எழுந்ததுபோல் எழுந்து
வளைவில் வெள்ளையாகி
இறங்கின.
அவைதானா? அத்தனையுமா?
ஓர் உடும்பு மட்டும்
யார் கணக்கிலும் வராமல்
குறுக்கே நடந்துபோனது.

படிவத்தில் எண்ணுக்குத்தான் கட்டம்.
இருநூறு என்று போட்டுவிட்டு
ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:
சுமார்.

மை காயுமுன்
நீர் வற்றத் தொடங்கியிருந்தது.
முதல் ஏழெட்டு
கிளம்பிவிட்டன.