தீர்மானப் புத்தகத்தில் ஒரு திருத்தம்

பொருள் எண் பதினான்கை
வாசிக்கத் தொடங்கியதுமே எழுந்துவிட்டேன்.
நாற்காலி தரையைக் கீறியது.
புன்னவிளைக் குளத்துக்குப் பக்கச்சுவர்,
மதிப்பீடு பதினெட்டு லட்சத்து நாற்பதாயிரம்,
குறைந்த விலைப்புள்ளி தந்தவர்
டி. செல்வின்குமார்.
எனக்குக் கொழுந்தன்.

"இது எனக்க வீட்டு ஆளாக்கும்.
இதில எனக்குப் பேச்சும் இல்ல, கையும் இல்ல"
என்றேன்.
தலைவர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.
நான்காம் வார்டு குலுங்கிச் சிரித்தது.

வராந்தாவில் நின்றேன்,
பிறப்புச் சான்றிதழுக்கு வந்தவர்களோடு.
கன்னிப்பூ அறுத்து முடித்த மாதம், ஐப்பசி மழை.
உள்ளே கைகளை எண்ணுவது
தகரக் கூரைச் சத்தத்தில் கேட்கவில்லை.
பதினோரு நிமிடம்.
கூப்பிட்டார்கள், போனேன்.
பொருள் எண் பதினைந்து: கொசு மருந்து.

மறுநாள் பேப்பரில்
"பக்கச்சுவர்த் தீர்மானம்:
பெண் கவுன்சிலர் வெளிநடப்பு."
கருங்கல் சந்தையில் மீன்காரி
சாளையை அள்ளிப் போட்டபிறகு
கூட நாலு வைத்தாள்.
"நல்லா குடுத்திய அவனுவளுக்கு!"
வீட்டில் ஓரகத்தி ரெஜிலா
என்னைக் கண்டதும் கதவைச் சாத்தினாள்,
மெதுவாக. அன்று முழுதும்
அந்தச் சத்தம்தான் காதில்.
நாலு சாளையும் ஒரு கதவும்
நான் செய்யாத ஒன்றுக்கு.

தீர்மானப் புத்தகத்தைக் கேட்டேன்.
எழுத்தர் ஜெபசிங் விரலை நனைத்துப் புரட்டினார்.
ஒன்பதாவது வார்டு உறுப்பினர்
வெளிநடப்பு செய்தார்.
"நான் கோபிச்சுப் போகல்லியே.
உறவு உள்ளதால் விலகினார்னு எழுதும்."
அவர் பேனா மூடியைக் கடித்தார்.
"இருபத்திமூணு வருசம் சர்வீஸ் மேடம்.
ஆதரிச்சவங்க, எதிர்த்தவங்க,
வெளியே போனவங்க, வராதவங்க.
அஞ்சாவதா ஒரு ஆள எளுதினதில்ல.
அதுக்கு எனக்கு வாசகம் தெரியாது."

வாசகத்தை நான் சொல்லச் சொல்ல எழுதினார்,
ஓரத்தில், சிவப்பு மையில்.
சொன்ன வாய் சுத்தம் என்று
நினைத்துவிடாதேயும், ஜெபசிங்.
போன வருடம் எல்.இ.டி. விளக்கு
பன்னிரண்டு வந்ததே,
முதலாவது எங்கே எரிந்தது?
எனக்க முடுக்கில்.
நான் கேட்கவில்லை,
லைன்மேன் தானாக வந்து மாட்டினான்.
நானும் தானாகச் சும்மா இருந்தேன்.
கீழப்பள்ளம் காலனிப் பிள்ளைகள்
டியூஷன் விட்டு மொபைல் வெளிச்சத்தில் வந்தார்கள்,
பங்குனி வரை.
அது எந்தப் பொருள் எண்ணிலும் இல்லை.
சிவப்பு மைக்கு அங்கே ஓரமும் இல்லை.

தீர்மானம் நிறைவேறியிருந்தது,
நான் இல்லாமலே. சுவரும் எழுந்தது.
குளம் என் வார்டில்.
விலகி நின்றவளிடம்தான்
ஆட்கள் வந்து சொல்கிறார்கள்:
"பாறைப்பொடி கூடுதலாக்கும், பாத்தியளா?"
"மடைக்குப் பக்கத்தில வெடிச்சிருக்கு."
பார்க்கப் போவது
வீட்டாளுக்கு உளவு என்பார்கள் வெளியே.
வீட்டாளுக்கு வினை என்பார்கள் வீட்டில்.
போகாமல் இருந்தாலோ
குளத்துக்கு ஒரு உறுப்பினரும் இல்லை.

நேற்று விடியுமுன் போனேன்.
ரப்பர் வெட்டப் போகிறவர்களின்
தலைவிளக்குகள் மேட்டில் நகர்ந்தன.
சுவரைத் தடவிக்கொண்டே நடந்தேன்,
மடையிலிருந்து ஏழாவது அடியில்
விரல் உள்ளே போயிற்று.
இரண்டாவது கணுவரை.
அன்று மன்றத்தில் தூக்காத
அதே வலதுகை.

ஈரச் சிமெண்டு நகத்தில் இருக்கிறது இன்னும்.
செயல் அலுவலர் அவர்களுக்கு, என்று
தாளில் எழுதியிருக்கிறேன்.
ஐயா, என்று அதற்குக் கீழே.
அடுத்த வரியில் அவன் பெயர் வரவேண்டும்.
ரெஜிலா அடுக்களையில்
எனக்கும் சேர்த்துத் தேங்காய் துருவுகிறாள்,
மூன்று வாரத்துக்குப் பிறகு.