பூஜ்யம் புள்ளி மூன்று

லிமாவிலிருந்து காகிதம் வந்தது,
ஓரம் ஊறி, நான்கு நாள் தாமதமாக.
என் ரத்தத்துக்கு ஓர் எண்:
பூஜ்யம் புள்ளி மூன்று.
அரையாவது இருக்க வேண்டுமாம்.
வௌவால் வலையில் கைவிடுகிறவள் என்பதால்
இரண்டு வருஷத்துக்கொருமுறை
கணக்குக் காட்ட வேண்டிய உடம்பு இது.

குறைந்துவிட்டது. சரி.
நீறு பூத்ததை
அணைந்தது என்று எழுத முடியுமா?
ஊதிப் பார்த்தால்தானே தெரியும்.
ஊதுவதற்குத்தான் ஒரு ஊசி,
நேரமிருக்கும்போது போட்டுக்கொள்ளலாம்
என்று மடித்து வைத்தேன்.

அன்றைக்கே எதெல்வினா வந்தாள்
செனெபா ஆற்றின் மேல்துறையிலிருந்து,
மகனின் கால் பெருவிரலைத் துணியில் சுற்றி.
இரவில் கொசுவலை கிழிந்திருக்கிறது.
வலிக்கவே இல்லை என்கிறான் யாங்குவாம்.
வலிக்காது, அதுதான் அதன் தொழில்.

சோப்பு. தண்ணீர். கால் மணி நேரம்.
தேய்த்துக்கொண்டே கேட்டேன்: அட்டை?
"வெள்ளம் கொண்டுபோனது.
ஆனால் போட்டிருக்கு, இரண்டு.
பள்ளிக்கூரை பறந்த வருஷம். இடது கை.
இரண்டாவதுக்கு இவன் அழவில்லை."

அவன் உடம்புக்குத் தெரியும்.
எனக்குத் தெரியாது.
காகிதம் இல்லையென்றால் ஊசியே இல்லை
என்றுதான் நான் கொள்ள வேண்டும்:
முழுச்சுற்று, கூடவே காயத்தைச் சுற்றி சீரம்.
குளிர்பெட்டியில் சீரம் ஒரே ஒரு குப்பி.
அடுத்தது வர ஆறு இறங்க வேண்டும்.

பதிவேடுகளை இறக்கினேன்.
கரையான் தின்ற வருஷம், மை கரைந்த வருஷம்,
கூரை பறந்த வருஷம்.
யாங்குவாம் இல்லை.
இன்னொரு முறை விரல் வைத்துத் தேடினேன். இல்லை.
"பள்ளியில் அவனுக்கு ஜெஃபர்சன்" என்றாள்,
பெரிதாக ஒன்றுமில்லாததுபோல.

ஜெஃபர்சன் த்செஜெம். வயது மூன்று.
இரண்டு தேதிகள். ஏழு நாள் இடைவெளி.
யாரோ அவசரத்தில் போட்ட கையெழுத்து.
ஆறு வருஷமாக
யாரும் கேட்காமலே காத்திருந்த கையெழுத்து.

சீரம் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.
இவனுக்கு இன்று ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று, போதும்.
உள்ளே இருப்பது எழுந்துகொள்ளும்.
"அதுதான் முன்பே போட்டாயிற்றே, இன்னும் எதற்கு?"
முன்பே போட்டதால்தான் இரண்டோடு போகிறது, எதெல்வினா.
போடாமல் அனுப்ப மாட்டேன்.

தோலுக்குள் சிறு கொப்பளம் எழுந்தது.
குப்பியில் மருந்து மிச்சம்.
திறந்தது இரவு தாங்காது.
சட்டைக் கையை மடித்துக்கொண்டேன்.

யாங்குவாம் நகர்ந்து வந்து
என் முகத்துக்கு நேரே நின்றான்,
அழுகிறேனா பார்க்க.