புள்ளி விழவில்லை

புந்தா அரேனாஸில் ஜூலைக் காற்று
ஆளையே சாய்த்துவிடும்.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அந்தக் கயிற்றைத் தொட்ட கைகள்
எத்தனை மூக்கைத் துடைத்திருக்கும் என்று
நெவென்கா எண்ணுவதில்லை.
எண்ணினால் வேலைக்கு வர முடியாது.

அவள் முன்னால் பிளாஸ்டிக் தட்டு,
தொண்ணூற்றாறு குழிகள்,
ஒவ்வொன்றும் எறும்பு குளிக்கும் அளவு.
மேல் வரிசையில் தடுப்பூசிக்காரக் கிருமி.
கீழே, எலியோதோரோ கார்க்கமோவின்
மூக்கிலிருந்து எடுத்து
ஒன்பது நாள் வளர்த்தது.
இரண்டுக்கும் ஒரே காவல்:
ஏப்ரலில் ஊசி போட்டபின்
அவர் கையிலிருந்து எடுத்து
உறையவைத்த சீரம்.
கடைசியாக வான்கோழியின் சிவப்பணுக்கள்.

பிறகு அரைமணி நேரம்
எதையும் தொடக் கூடாது.

காவல் கிருமியைப் பிடித்துவிட்டால்
அணுக்கள் தனித்தனியே இறங்கி
குழியடியில் சிவப்பாக ஒரு புள்ளி.
தட்டைச் சாய்த்தால் கண்ணீர்போல் ஒழுகும்.
பிடிக்காவிட்டால்
கிருமி அணுக்களைக் கைகோத்து நிறுத்திவிடும்.
புள்ளி விழாது. வெறும் செம்மூட்டம்.

மேல் வரிசையில் ஏழு புள்ளி.
கீழே ஒன்று,
அதுவும் அரைமனதாக.

என் மொழியில் ஒற்று என்றால்
தலையில் புள்ளி வைத்த எழுத்து.
வேவு பார்ப்பதும் ஒற்றுதான்.
பகலின் கடைசி எழுத்தை மாற்றினால் பகை.
இங்கே நடந்ததும் ஏறக்குறைய அதுதான்.
தந்திரம் என்கிறோம்; தந்திரம் ஏது,
படியெடுக்கத் தெரியாத எழுத்தன் அது.
பிழையோடு பிழையாகக் கோடிப் பிரதி,
பெரும்பாலும் குப்பை.
நம் காவல் தேடித்தேடித் தீர்த்ததில்
மிஞ்சியது
மச்சம் இடம் மாறிய ஒரு முகம்.
தேர்ந்தெடுத்தது நாம்தான்.
எனக்கு அதுதான் உறுத்துகிறது.

முகத்தின்மேல் சர்க்கரைப் போர்வை வேறு,
நம் செல்லின் அடுப்படியில்
நம் சர்க்கரையால் நெய்தது.
உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்கள்.
இது அந்த வீட்டு உடையையே உடுத்தி,
அபாய மணியின் நாக்கை அறுத்துவிட்டு,
வாசல் வழியாகவே போகிறது.

காவலுக்கும் ஒரு குறை உண்டு.
சின்ன வயதில் முதன்முதலாக வந்த காய்ச்சலை
அது மறப்பதே இல்லை.
அறுபது வருஷம் கழித்து யார் வந்தாலும்
அந்தப் பழைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிடும்.

மூன்று மணிக்குக் கார்க்கமோவே வந்தார்.
நண்டுப் படகில் ஏற மருத்துவச் சீட்டு வேண்டும்.
இருமல் இன்னும் விலாவில் இருந்தது.
"ஊசியில் தண்ணீரைத்தான் அடைத்தீர்களா, சென்யோரா?"
தட்டைப் பிடித்த படத்தைக் காட்டினாள்.
கூண்டில் ஏறியதை எண்ணுபவர்போல
நெடுநேரம் பார்த்தார்.
"ஒன்றாவது இருக்கிறதே."
"அந்த ஒன்றுதான் உங்களை நடக்கவைத்திருக்கலாம்.
உறுதியாகச் சொல்லமாட்டேன்."

அவர் சீட்டை மடித்துக்கொண்டே சொன்னார்:
"போன வருஷம் நூறு நாள் தெற்குக் கால்வாய்களில்.
தாடியோடு திரும்பினேன்.
கதவைத் திறந்த மருமகன்
போலீசைக் கூப்பிடப் பார்த்தான்.
நாய் முகத்தைப் பார்க்கவேயில்லை,
நேராக பூட்ஸுக்கு வந்தது."

நெவென்கா சிரித்தாள், பாதியில் நிறுத்தினாள்.
தலைதான் வருஷாவருஷம் வேஷம் கட்டுகிறது.
அதற்குக் கீழே ஒரு தண்டு,
லேசில் மாறாதது.
அதை முகர நம் ரத்தத்தை
இன்னும் சரியாகப் பழக்கவில்லை யாரும்.
பழக்கினால் தண்டும் மாறுமோ?
அதை அவரிடம் கேட்க முடியாது.
அவர் போய்விட்டார்,
ஒரு கையில் கயிறு, ஒரு கையில் தொப்பி.

சாந்தியாகோவுக்குப் போகும் குப்பிகளை
உலர்பனியில் அடைத்துவிட்டு வந்தபோது
கழுவ மறந்த தட்டில்
கீழ் வரிசையிலும் புள்ளிகள்,
ஒன்று, மூன்று, ஏழு.

நேரம் கடந்து விழும் புள்ளி
கணக்கில் சேராது.
காவல் ஜெயித்து வந்ததல்ல அது.
கிருமி தானாகவே
கைகளை விட்டிருந்தது.