நான்கு விரற்கடை

உயூனி உப்புவெளியில் பாதை கிடையாது.
அதனால் ஸ்டியரிங் நான்கு விரற்கடை சும்மா சுற்றுவதை
ஃபௌஸ்தினோ அறியவில்லை.
ஊருக்குள் திரும்பியபோதுதான்
ஜீப் ஒரு கழுதையை நலம் விசாரிக்கப் போனது.

செவெரினா வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து
"ஆட்டு" என்றாள்.
தண்டு அசைந்தது. சக்கரம் யோசித்தது.
டை ராடு முனையில் கிழிந்த ரப்பர்,
கிரீஸ் இருந்த இடத்தில் உப்பு,
ஒருபக்கம் தேய்ந்த குண்டு.

"சொன்னபடி கேட்பதில்லை இது."
"கேட்கும். சேதிதான் பாதிவழியில் நின்றுவிடுகிறது."

கழற்றும்போது சுற்றுகளை எண்ணினாள்: பதினேழு.
புதியதற்கும் பதினேழு.
பூட்டு ஊசியை வளைத்தாள்.
கை துடைத்த துணியிலேயே மூக்கையும் துடைத்தாள்.

அவன் கிளம்பினான்,
பழக்கத்தில் நான்கு விரற்கடை கூடுதலாகத் திருப்பி.
வண்டி உடனே கேட்டது.

பட்டறை வாசல் தூணில்
இப்போது ஒரு பச்சைக் கீறல்.